கீமோ போய்க்கொண்டிருக்கும் அக்காவுக்கு என்ன வாங்கித் தருவது?

வாய்க்கால்மேடு, ஈரோடு:

வணக்கம். ஒரு யோசனை வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை செய்கிறேன். எங்கள் சீனியர் அக்காவுக்கு 47 வயது. மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, போன புதன்கிழமை கோவையில் முதல் கீமோ ஏற்றியிருக்கிறார்கள். 21 நாளுக்கு ஒன்றாக நான்கு தடவை, அதற்கப்புறம் வாரம் ஒன்றாக 12 தடவை என்று அட்டவணை கொடுத்திருக்கிறார்களாம். ஆபீசில் நாங்கள் 11 பேர் சேர்ந்து 8,300 ரூபாய் வசூல் செய்து வைத்திருக்கிறோம். பணம் ஒரே நாளில் சேர்ந்துவிட்டது, என்ன வாங்குவது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. வெள்ளிக் குங்குமச்சிமிழ் என்கிறார் ஒருவர். ரிப்பன் கட்டிய பெரிய பழக்கூடை என்கிறார் இன்னொருவர். புதிதாகச் சேர்ந்த பெண், முடி கொட்டும் என்பதால் விக் வாங்கலாம் என்கிறாள். ஆர்ட்டிகிள் பையன் (ஆடிட்டர் படிப்புக்காகப் பயிற்சியில் இருப்பவன்) 'போராளி' என்று அச்சடித்த காபி கப் ஆர்டர் போடவே தயாராக இருந்தான், நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வெறுங்கையோடு போவதா என்று ஒரு ஹார்லிக்ஸ், ஆறு ஆப்பிள், இரண்டு முழம் மல்லி. கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் ஏற்கெனவே நான்கு ஹார்லிக்ஸ் பாட்டில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன, என்னுடையது ஐந்தாவது. மல்லியை வாங்கிச் சிரித்துக்கொண்டே அம்மன் படத்துக்குப் போட்டார். ஐந்து நிமிடம் இருக்கும், அவர் மகள் (பிளஸ் டூ படிக்கிறாள்) வந்து சத்தமில்லாமல் அந்தப் பூவை எடுத்து வாசல் திண்ணையில் கொண்டுபோய் வைத்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. வண்டியை எடுக்கும்போதுதான், இன்னும் பத்து நாளில் முடி கொட்டப்போகிறவருக்குத் தலைக்கு வைக்கிற பூவை வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன் என்பதே மண்டையில் ஏறியது.

அதிலிருந்து எதை வாங்கவும் கை வரவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், நிஜமாகவே உபயோகப்படுகிற மாதிரி என்ன கொடுக்கலாம்?


மொட்டைமாடி:

தம்பி, முதலில் அந்தப் பூ விஷயத்தை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். அது முடிக்காக எடுத்ததாக இருக்காது, வாசனைக்காக எடுத்திருப்பார்கள். எனக்கும் இதே சிகிச்சைதான், முடிந்து மூன்று வருடம் ஆகிறது. முதல் வாரம் மல்லி வாசனை, தாளிக்கிற வாசனை, சாம்பிராணி, பக்கத்து வீட்டில் மீன் கழுவுகிறது, எல்லாமே ஒரே குமட்டல்தான். என் வீட்டுக்காரர் 20 வருடமாகப் போடுகிற பவுடரை மாற்றச் சொல்லிச் சண்டை போட்டேன்.

என்ன வாங்குவது என்பதற்கு முன்னால் எப்போது போவது என்பதைப் பாருங்கள். 21 நாளும் ஒரே மாதிரி இருக்காது. முதல் இரண்டு மூன்று நாள் வாந்திக்குக் கூடவே ஸ்டீராய்டு மாத்திரை தருவார்கள், அதனால் தூக்கமே வராது, பார்க்க மட்டும் தெம்பாக இருப்பது போலத் தெரியும். மாத்திரை நின்றதும் அப்படியே சரிந்துவிடும், கை காலைத் தூக்கிப் போட முடியாது. அதற்கடுத்த வாரம் ரத்தத்தில் வெள்ளை அணு இறங்குகிற வாரம், எந்தக் கிருமியும் சட்டென்று தொற்றிக்கொள்ளும், யாரும் வராமல் இருப்பதுதான் நல்லது. மூன்றாவது வாரம் ஆள் பாதி பழையபடி ஆகிவிடுவார், நாக்கில் ருசி கொஞ்சம் திரும்பும், பேசவும் ஆசையாக இருக்கும். ஆனால் பாருங்கள், எல்லோரும் முதல் வாரமே வந்து பார்த்துவிட்டுக் கடமையை முடித்துக்கொள்வார்கள். மூன்றாவது வாரம் ஈ காக்கா வராது. நீங்கள் 16, 17-வது நாள் போங்கள்.

சரி, பொருள். எனக்கு வந்ததிலேயே உருப்படியானது என் நாத்தனார் கொண்டுவந்த மூன்று நைட்டி. சிரிக்காதீர்கள். முன்பக்கம் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் ஜிப் வைத்தது. எனக்கு நெஞ்சில் போர்ட் வைத்திருந்தார்கள் (தோலுக்கு அடியில் பொத்தான் அளவுக்கு ஒன்றை வைத்து, அது வழியாகத்தான் மருந்து ஏற்றுவார்கள்). அதைத் தொடவேண்டும் என்றால் சாதாரண நைட்டியை எங்கிருந்து தூக்குவது? ஜிப் வைத்ததென்றால் நாலு விரற்கடை இறக்கினால் போதும். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கவும் முடியாது, முன்பக்கம் திறக்கிற துணிதான் வசதி. நாத்தனார் யாரையும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரியில் ஒரு தடவை என் கூட உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான், பார்த்துவிட்டு நேராகக் கடைக்குப் போயிருக்கிறார்.

இரண்டாவது, பீங்கான் டம்ளர். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் குடித்தால் எனக்குத் துருப்பிடித்த ஆணியை நக்குகிற மாதிரி இருந்தது. வாயே இரும்பு வாடை அடிக்கும், அதில் இரும்பையே வாயில் வைத்தால்? நம் வீட்டில் தட்டு, கரண்டி, டம்ளர், சொம்பு எல்லாமே எவர்சில்வர்தானே. ஒரு பீங்கான் டம்ளரும் மரக்கரண்டியும் வந்தபிறகுதான் ரசம் சாதம் இறங்கியது.

அப்புறம் அந்தப் 'போராளி' கப்பைத் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். யாராவது என்னைப் போராளி என்றால் எரிச்சலாக வரும். நான் எங்கே போராடினேன், நாற்காலியில் சாய்ந்து படுத்திருந்தேன், மருந்து ஏறியது.


பழைய வார்டு:

கீமோ டே கேர் வார்டில் ஒன்பது வருடம் நர்சாக இருந்தவள். மேலே அம்மா சொன்ன நாள் கணக்கு சரி. பொதுவாக 7-வது நாளிலிருந்து 14-வது நாள் வரைக்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும், ஆளுக்கு ஆள், மருந்துக்கு மருந்து கொஞ்சம் மாறும். புதன்கிழமை ஏற்றியது என்றால் உங்கள் அக்கா இப்போது அதற்குள்தான் நுழைந்திருக்கிறார். அந்த நேரத்தில் லேசான சளி, தொண்டைக் கரகரப்பு இருந்தால்கூட நீங்கள் வாசல்படி மிதிக்காதீர்கள். வாசலில் நின்று பேசிவிட்டு வந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பூச்செண்டு, மண்தொட்டியில் செடி இரண்டும் வேண்டாம். பூ நிற்கிற தண்ணீரிலும் தொட்டி மண்ணிலும் கிருமி, பூஞ்சை இருக்கும், எங்கள் வார்டுக்குள் விடவே மாட்டோம். ரிப்பன் கட்டிய பழக்கூடையும் அதே கதைதான். அதில் திராட்சை, ஸ்ட்ராபெரி மாதிரி சரியாகக் கழுவ முடியாத பழங்கள்தான் அழகுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். பழம் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் வாழைப்பழம், ஆரஞ்சு, சாத்துக்குடி என்று தோல் உரிக்கிற பழமாக, இரண்டு நாளைக்குத் தேவையானது மட்டும்.

அக்குளில் நிணநீர்க் கணு எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கைக்கு இறுக்கமான வளையல், மோதிரம், வாட்ச் எதுவும் வாங்கவேண்டாம். அந்தக் கை வீங்க வாய்ப்பு உண்டு. சென்ட், வாசனை லோஷன், வாசனை மெழுகுவத்தி எல்லாம் தள்ளி வையுங்கள்.

உபயோகமான சின்னப் பொருள் கேட்டால் என் ஓட்டு டிஜிட்டல் தெர்மாமீட்டருக்கு. நிறைய வீட்டில் கைவைத்துப் பார்த்து "லேசா சுடுது" என்று சொல்வதோடு சரி. கீமோ போகிறவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டுவிட்டால் பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது, ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடவேண்டும். பரிசு மாதிரி இல்லைதான், ஆனாலும் வாங்குங்கள். கூடவே மெத்தென்ற பிரஷ் இரண்டு. வாய் புண்ணாகும்போது சாதா பிரஷ் முள்ளாகக் குத்தும்.

மார்பகப் புற்றுநோய்க்கு டாக்ஸோரூபிசின் என்று ஒரு சிவப்பு மருந்து உண்டு, அதை ஏற்றினால் ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். யாரும் முன்கூட்டிச் சொல்லாமல் விட்டால் ரத்தம் என்று நினைத்து வீடே பதறிப்போகும். இதற்கும் பரிசுக்கும் சம்பந்தமில்லை, எழுத வந்தது எழுதிவிட்டேன்.


இயற்கைவழி:

இந்தக் கப்பும் டம்ளரும் எல்லாம் வீண் செலவு. முள்சீத்தாப் பழமும் மஞ்சள் கேப்சூலும் வாங்கிக் கொடுங்கள். கீமோவே தேவைப்படாது.


பழைய வார்டு:

ஐயா, முள்சீத்தா மனிதர்களுக்குப் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பழமாக ஒரு துண்டு சாப்பிடுவது வேறு. கேப்சூல், சாறு, பொடி என்று டாக்டருக்குத் தெரியாமல் கொடுப்பது வேறு, மருந்தோடு சேர்ந்து ஈரலைக் கெடுக்கலாம், மருந்தின் வேலையையும் மாற்றலாம். குழம்பில் போடுகிற மஞ்சளை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவும் ஈரோட்டுக்காரருக்கே மஞ்சள் அனுப்புகிறீர்கள் பாருங்கள்.

வாய்க்கால்மேடு, உங்கள் ஆபீஸ் வாட்ஸப் குழுவில் இந்த மாதிரி ஃபார்வர்டு எதுவும் அக்கா கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் அதுவே பாதி பரிசு.


கடைசிபஸ்:

எங்கள் அப்பாவுக்குப் பெருங்குடலில். நான் கூடவே இருந்து பார்த்தவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஒவ்வொரு கீமோவுக்கும் மருந்து வேறு, அதனால் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். அப்பாவுக்கு ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றினார்கள். அது ஏறிய சில நாளுக்குக் குளிர்ச்சியே ஆகாது, ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டால் விரலில் ஊசி குத்தும், சில்லென்று ஒரு வாய் குடித்தால் தொண்டை அடைக்கிற மாதிரி இருக்கும். இது தெரியாமல் எங்கள் மாமா ஒருத்தர் வெயிலில் பஸ் மாறி, இரண்டு இளநீரை ஐஸ்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார், பாவம். அப்பா வாங்கிக் கையில் பிடித்ததும் அலறிக் கீழே போட்டுவிட்டார். மாமா முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. அதே அப்பாவுக்கு ஒரு நல்ல வெந்நீர் பிளாஸ்க் ராஜ உபசாரமாக இருந்தது. உங்கள் அக்காவுக்கு அந்த மருந்து இல்லை என்பதால் குளிர்ச்சி பிரச்சினையாக இருக்காது, சிலருக்கு வாய்ப்புண்ணுக்கு ஐஸ் துண்டே இதமாக இருக்கும் என்பார்கள். அதனால்தான் கேட்டுவிட்டு வாங்கச் சொல்கிறேன்.

இன்னொன்று. டே கேரில் ஏசி உறைய வைக்கும், நான்கைந்து மணி நேரம் அசையாமல் படுத்திருக்கவேண்டும். ஆஸ்பத்திரிப் போர்வை மெல்லிசு. நீங்கள் ஈரோட்டில் இருந்துகொண்டு இதை இன்னும் யாரும் சொல்லாதது ஆச்சரியம்: சென்னிமலைப் போர்வை ஒன்று வாங்குங்கள். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகிற பருத்தி, எத்தனை வாஷ் போட்டாலும் தாங்கும். பளபளக்கிற மிங்க் போர்வை வாங்கிவிடாதீர்கள், அதை யார் வெந்நீரில் அலசிக் காயப்போடுவது.

பொருளை விட ஒரு உதவி சொல்லட்டுமா? ஈரோட்டிலிருந்து கோவை 100 கிலோமீட்டர். போகும்போது பிரச்சினை இல்லை. திரும்பும்போது மருந்து ஏறிய உடம்போடு ஈரோடு வரைக்கும் உட்கார்ந்து வரவேண்டும். யாராவது கார் எடுங்கள். காரில் தொங்குகிற சென்ட் பாட்டிலை முந்தின நாளே கழற்றிவிட்டுக் கண்ணாடியை இறக்கி வையுங்கள். கெட்டியான பிளாஸ்டிக் கவர் நாலைந்து, ஒரு துண்டு, தண்ணீர். பாட்டுப் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். "எப்படிம்மா இருக்கு" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்கக்கூடாது.

நாங்கள் சென்னைக்கு ரயிலில் போய் வந்தோம். புற்றுநோய் நோயாளிக்கு சிகிச்சைக்குப் போக ரயிலில் சலுகை உண்டு. ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி இரண்டிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். அதற்கு ஆஸ்பத்திரியில் படிவத்தில் கையெழுத்து வாங்கவேண்டும், ஸ்டேஷன் கவுண்டரில் வரிசையில் நிற்கவேண்டும். என் நண்பன் ஒருத்தன் இந்த வேலையை முழுசாகத் தலையில் போட்டுக்கொண்டான். ஆறு மாதமும் டிக்கெட் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அவன் வேறெதுவும் வாங்கித் தரவில்லை, ஒரு ஆரஞ்சுகூட.


நேர்ப்பேச்சு:

எல்லோரும் ரொம்ப யோசிக்கிறீர்கள். 8,300-ஐக் கவரில் போட்டுக் கொடுங்கள், அவ்வளவுதான். சிகிச்சை என்றால் பணம்தான் கரையும், ஸ்கேன், ஊசி, வண்டி வாடகை. நைட்டி அவர்களே வாங்கிக்கொள்வார்கள். எது தேவை என்று அவர்களுக்குத்தானே தெரியும்?


மொட்டைமாடி:

நீங்கள் சொல்வது தப்பில்லை. கையில் காசில்லாத வீடு என்றால் நானும் கவர்தான் சொல்வேன், அங்கே பீங்கான் டம்ளர் கொண்டுபோய் நீட்டுவது அபத்தம். ஆனால் எங்கள் பக்கம் பணம் என்றாலே மொய். எனக்கு வந்த கவரை எல்லாம் என் மாமியார் ஒன்று விடாமல் மொய் நோட்டில் எழுதி வைத்தார், பெயர், ஊர், தொகை. எனக்குக் காதில் விழும், இன்னார் 500, இன்னார் 1,000. இதையெல்லாம் எந்த விசேஷத்தில், இல்லை எந்தக் காரியத்தில் திருப்பிச் செய்யப்போகிறோம் என்று படுத்துக்கொண்டே கணக்குப் போட்டிருக்கிறேன். நைட்டியை யாரும் மொய் நோட்டில் எழுத மாட்டார்கள்.


கோலப்பொடி:

ஒரு மகளாக எழுதுகிறேன். எங்கள் அம்மாவுக்குக் கீமோ நடந்தபோது நானும் பிளஸ் டூ. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் சொன்னது ஒரே வரி: "அம்மாவைப் பத்திரமா பார்த்துக்கோ, நீதான் தைரியமா இருக்கணும்." சாப்பிட்டாயா என்று கேட்டவர்கள் குறைவு. மாடி வீட்டு அத்தை மட்டும் செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஒரு தூக்குச்சட்டியில் குழம்பும் பொரியலும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, பெல்லை அடித்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே வரமாட்டார். வந்தால் நான் காபி போடவேண்டும், உட்கார்ந்து பேசவேண்டும், அந்த வேலையைக்கூட எனக்கு வைக்கவில்லை. தாளிக்கிற வாசனை எங்கள் வீட்டில் இல்லாததால் அம்மாவும் ஓங்கரிக்காமல் இருந்தார்.

அந்தப் பெண் பூவை எடுத்துத் திண்ணையில் வைத்தாள் என்று எழுதியிருந்தீர்கள். உங்களைச் சங்கடப்படுத்தாமல் எப்படி எடுப்பது என்று அவள் எவ்வளவு யோசித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் ஏதாவது வாங்குங்கள். புத்தகம் பேனா வேண்டாம். ஒரு பிரியாணியும் ஒரு மணி நேரமும் போதும்.


வாய்க்கால்மேடு, ஈரோடு:

எல்லோருக்கும் நன்றி. ஆபீசில் எல்லோரையும் உட்கார வைத்து இதை அப்படியே வாசித்துக் காட்டினேன், குங்குமச்சிமிழ்காரர்கூட வாயைத் திறக்கவில்லை. இரண்டு கேள்வி. ஒன்று, விக். அந்தப் பெண் இன்னும் விடுவதாக இல்லை, நல்ல மனதோடுதான் சொல்கிறாள். இரண்டு, ஆபீஸ் வேலை. மாதா மாதம் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிற நாள், அக்காதான் எல்லாக் கிளையண்ட்டுக்கும் கடைசியாகச் சரிபார்ப்பார். அவரைத் தொந்தரவே செய்யாமல் நாங்களே முடிப்பது என்று முடிவு செய்து, குழுவிலிருந்தும் அவருக்குத் தெரியாமல் தனிக் குழுவாகப் பிரிந்துவிட்டோம். சரிதானே?


மொட்டைமாடி:

விக்கை அவர் வாய்விட்டுக் கேட்டால் மட்டும், அதுவும் அவரையே கூட்டிக்கொண்டு போய். அளவு சரியில்லை என்றால் நெற்றியில் பிடிக்கும், இல்லை என்றால் நழுவும். ஈரோட்டு வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், மொட்டைத் தலை நெருப்பாக எரியும். நான் 6,500 கொடுத்து வாங்கினேன். இரண்டு கல்யாணத்துக்குப் போட்டேன். இப்போது பீரோ மேலே ஒரு பழைய குடத்துக்குக் கவிழ்த்து வைத்திருக்கிறது, ராத்திரி கரண்ட் போய் டார்ச் அடித்தால் எனக்கே திக்கென்கிறது.

முடி கொட்டுகிற அன்றைக்கு எது வேண்டும் என்றால் நல்ல ஈரிழைத் துண்டு. இரண்டு வாரம் முடிந்து மூன்றாவது வாரத்துக்குள் தலையணை முழுக்க முடி வந்துவிடும், தலைத்தோலே வலிக்கும். சுடிதார் துப்பட்டா வழுக்கிக்கொண்டு நிற்காது. ஈரிழைத் துண்டை மடித்துத் தலையைச் சுற்றிக் கட்டினால் நிற்கும், வியர்வையை இழுக்கும், உறுத்தாது. புதுத்துண்டில் கஞ்சி இருக்கும், இரண்டு தடவை அலசிக் காயவைத்துக் கொடுங்கள். நான்கு வாங்கினால் மாற்றி மாற்றிக் கட்டலாம்.

நம் ஊரில் ஒரு வசதி, மொட்டைத் தலையை யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். நான் துண்டு கட்டாமல் டவுன் பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீட் அம்மா, "பழனிங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். "கூட்டம் எப்படி?" "பரவாயில்லைங்க." இறங்குகிற வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். எனக்குப் புருவமும் இல்லை என்பதை அவர் கவனித்தாரோ என்னவோ, காட்டிக்கொள்ளவில்லை.

தனிக் குழு பிரிந்ததை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். அவரையே கேட்டுவிட்டுச் செய்திருக்கலாமே.


வாய்க்கால்மேடு, ஈரோடு:

ஒரு மாதம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வாங்கியது இவ்வளவு: முன் ஜிப் நைட்டி மூன்று 1,260, சென்னிமலைப் போர்வை 700, ஈரிழைத் துண்டு நான்கு 440, பீங்கான் டம்ளர் இரண்டு 300, தெர்மாமீட்டர் 200. மொத்தம் 2,900. மீதி 5,400-ஐ அடுத்த மூன்று கோவைப் பயணத்துக்கு டீசல், டோல், சாப்பாடு என்று தடவைக்கு 1,800 ஒதுக்கிவிட்டோம். கார் எங்கள் பாஸுடையது, ஓட்டுவது நான். ஆர்ட்டிகிள் பையன் டம்ளரில் 'போராளி' என்று எழுதலாமா என்று கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தான்.

17-வது நாள் நான்கு பேர் மட்டும் போனோம். முடி கொட்ட ஆரம்பித்திருந்தது, அன்று காலைதான் கணவர் டிரிம்மர் வைத்து எடுத்துவிட்டாராம். நைட்டியைப் பார்த்ததும் அக்கா ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார், இரண்டு தடவை. "யாரு சாமி உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டார். துண்டை மகளே கட்டிவிட்டாள். அவளை எங்கள் ஆபீஸ் பெண், அதே விக் சொன்ன பெண்தான், வெளியே கூட்டிக்கொண்டு போனாள். ஒரு மணி நேரம் என்று போனவர்கள் மூன்று மணி நேரம் கழித்து வந்தார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் இருவரும் சொல்லவில்லை.

எல்லாம் நல்லபடியாகப் போனது என்று எழுந்திருக்கும்போது அக்கா ஆரம்பித்தார். "ரிட்டர்ன் எல்லாம் போட்டாச்சா? எனக்கு ஒரு போன் இல்லை. குரூப்பில ஒரு மெசேஜ் இல்லை. நான் செத்துட்டேன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" தனிக் குழு பிரிந்ததைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கண் கலங்கிவிட்டார், கோபத்தில்தான். அன்றைக்கு முழுக்க அந்த வீட்டில் அவர் கண் கலங்கியது அதற்கு மட்டும்தான். மொட்டைமாடி அக்கா, நீங்கள் சொன்னதை அப்போதே கேட்டிருக்கவேண்டும்.

இப்போது ஏற்பாடு இப்படி: கீமோ ஏறிய முதல் இரண்டு வாரம் ஆபீஸ் பேச்சு கிடையாது. மூன்றாவது வாரம் அவரே கூப்பிடுவார், பெரிய நூல் மில் கணக்கு ஒன்றை மட்டும் வீட்டிலிருந்தே பார்த்துத் தருகிறார். போன வாரம் நான் விட்டிருந்த இரண்டு இன்வாய்ஸைப் பிடித்து, பழையபடி கத்தினார்.

இரண்டாவது கீமோவுக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். சென்ட் பாட்டிலைக் கழற்றிவிட்டேன். திரும்பும்போது அவிநாசி தாண்டி ஒரு தடவை ஓரம் கட்டவேண்டி வந்தது, கவர் தயாராக இருந்தது. போர்வையைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு பெருந்துறை வரைக்கும் தூங்கினார்.

இனி அந்த வாராந்திர 12 வரப்போகிறது. அதற்கு வேறு ஏதாவது தேவைப்படுமா? பணம் தனியாக வசூல் செய்துகொள்கிறோம்.


பழைய வார்டு:

வாராவாரம் என்றால் பெரும்பாலும் பாக்லிடாக்சல், எதற்கும் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாந்தி குறைவு, சாப்பாடு இறங்கும். ஆனால் விரல் நுனியும் பாதமும் மரத்துப்போகலாம், நகம் கறுக்கலாம். சட்டைப் பொத்தான் போடுவது, பாட்டில் மூடி திறப்பது எல்லாம் சிரமமாகும், அந்த விஷயத்திலும் உங்கள் ஜிப் நைட்டி தப்பித்தது. வழுக்காத அடியுள்ள, பின்பக்கம் பட்டை வைத்த செருப்பு ஒன்று வாங்குங்கள், வீட்டுக்குள் போட. பாதம் மரத்திருந்தால் செருப்பு கழன்றதுகூடத் தெரியாது. அளவு அவர் காலில் போட்டுப் பார்த்து, சாயங்காலமாகப் போய் வாங்குங்கள், கால் லேசாக வீங்கியிருக்கும் நேரம்.

மரத்துப்போவது அதிகமானால் பொறுத்துக்கொண்டு இருக்கவேண்டாம், டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், மருந்தின் அளவை மாற்றுவார்கள். கீபோர்டில் தட்டுகிறவர், முதலில் அங்கேதான் தெரியும்.


மொட்டைமாடி:

செருப்பு சரி. கூடவே இஞ்சி மொரப்பா ஒரு பாக்கெட், வாரம் ஒன்று. வாய்ப்புண் இல்லாத வாரம் மட்டும். நூல் மில் கணக்குப் பார்க்கும்போது வாயில் போட்டுக்கொள்ளட்டும்.